போஸ்ட்தான்யா அனுப்புறேன்!

என் புரோகிராம்லேர்ந்து ஒரு சர்வருக்கு டேட்டா அனுப்பணும். டேட்டாவைக் கொண்டுபோய்க் குடுக்கறது போஸ்ட், சும்மா கேட்டு வாங்கறது கெட். மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து சர்வரோட பதில் 405. மெத்தட் நாட் அலவ்ட், அதாவது அனுப்புற விதம் இங்க செல்லாதாம். டாக்குமென்டேஷன்ல கொட்டை எழுத்துல போஸ்ட்னு போட்டிருக்கு. என் கோடுலயும் போஸ்ட். டீபக்கர்ல நிறுத்திப் பார்த்தாலும் போஸ்ட். சர்வர்காரங்களுக்கு எழுதினா, "சார், எங்க லாக்ல கெட்னுதான் வருது, சரியா பாத்து அனுப்புங்க"ன்னு பதில். சரியா பாத்தாம்! கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் கீபோர்டைத் தட்டிட்டு இருக்கேன்?

அனுமதிச் சீட்டு மாதிரியான டோக்கனை மாத்தினேன். கூடவே போற வர்ற குறிப்பு வரியான ஹெட்டரை மாத்தினேன். ஒரு கட்டத்துல வெக்கமில்லாம புட்ங்கற இன்னொரு மெத்தட்ல கூட அனுப்பிப் பார்த்தேன். அதுக்கும் 405. பக்கத்து சீட்டு மகான் அந்த யூஆர்எல்லை பிரவுசர்ல ஒட்டிட்டு "இங்கயும் வரலையே"ன்னார். அட்ரஸ் பார்ல போட்டா கெட்தான் சாமி போகும்!

அஞ்சரைக்கு கர்ல்ங்கற கமாண்ட்ல, போறது வர்றதை விவரமா காட்டற மைனஸ் வி போட்டு வரிவரியா படிச்சப்பதான் கண்ணுல பட்டுது. போஸ்ட் போகுது, 301 வருது, அதாவது 'இடம் மாறிடுச்சு, அங்க போ'ன்னு பதில். போகச் சொல்ற புது முகவரி எதுன்னா, அதே முகவரிதான், கடைசியில ஒரே ஒரு ஸ்லாஷ் கூட. உடனே எனக்காக சர்வரோட பேசற என் லைப்ரரி என்ன பண்ணியிருக்கு? கொண்டுபோன பாடியை, அதாவது டேட்டாவை, நடுவழியில போட்டுட்டு, வெறுங்கையோட கெட்டாப் போய் நின்னிருக்கு. கெட்டுப்போய்னே சொல்லலாம்.

இது குத்தமும் இல்லையாம். 301, இல்லைன்னா அதோட தற்காலிகத் தம்பி 302 வந்தா, போஸ்ட்டை கெட்டா மாத்திக்கலாம்னு வெப்போட விதிப்புத்தகமான ஆர்எஃப்சி 9110லயே இருக்கு, வரலாற்றுக் காரணமாம். எல்லாரும் அப்படியே பண்ணிப் பழகிட்டதால சட்டமாவே எழுதிட்டாங்க. மெத்தட் மாறக்கூடாதுன்னா 307, 308ன்னு தனியா ரெண்டு நம்பர் இருக்கே, அதுல ஒண்ணைப் போட்டா கை வெந்துடுமா? 405 குடுக்கறவன் எந்த மெத்தட் செல்லும்னு அலோ ஹெட்டர்ல சொல்லியே ஆகணும். அதுவும் இல்லை. அதுல போஸ்ட்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, வழியில எங்கயோ மாறுதுன்னு மூணு மணிக்கே புரிஞ்சிருக்கும்.

ஸ்லாஷைச் சேர்த்தேன். 201, அதாவது 'உருவாக்கியாச்சு'.

உங்க டாக்குமென்டேஷன்ல அந்த ஸ்லாஷ் இல்லையேன்னு எழுதினேன். "நன்றி சார், டிக்கெட்டை மூடிடலாமா?" கோவம் போய் சிரிப்புதான் வந்துது.

அப்புறம் இன்னொண்ணு. சாட்ல "ஹாய்"னு மட்டும் போட்டுட்டு அரை மணி நேரம் காணாமப் போறவங்களே, விஷயத்தையும் சேர்த்தே அனுப்புங்கய்யா. உங்களுக்கும் பாடி வழியில விழுந்துடுதா?