வரைபடத்தில் இல்லாத குசினி

(யாழ்ப்பாணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கட்டடத்தின் உரிமையாளர் ரொறன்ரோவில். இங்கே அதைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பியார்.)

தம்பியார்: காஸ் முடிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதானே தம்பி. அதற்கு ஏன் என்னிடம் வந்து நிற்கிறீர்?

கடைக்காரர்: முடியவில்லை ஐயா, பூட்டிவிட்டார்கள். 37.5 கிலோ சிலிண்டர் இரண்டும் நிறைந்தபடி கிடக்கின்றன. றெகுலேற்றரைக் கழற்றி, குழாய் வாயில் கம்பி கட்டி முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தம்பியார்: ஆர் அவை?

கடைக்காரர்: காஸ் ஏஜென்சிக்காரர். மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தார்கள். குமிழ் குமிழாக வந்தது. உங்கள் அண்ணை பொருத்தித் தந்த குழாய் ஐயா.

தம்பியார்: (குசினி வாசலில் நின்று மூக்கை உயர்த்தி) எனக்கு ஒரு மணமும் இல்லையே.

கடைக்காரர்: இப்போது பூட்டியிருக்கிறது. திறந்திருந்தாலும் அங்கே மணக்காது. காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடுதான் படியும். குனிந்து பார்க்க வேணும்.

தம்பியார்: எனக்கு நாரிப் பிடிப்பு.

கடைக்காரர்: அப்படியென்றால் நிமிர்ந்தபடியே இந்தப் படிவத்தைப் பாருங்கோ. குழாயைப் புதிதாகப் போட்டு, சிலிண்டரை வெளியே கொண்டுபோய்க் கம்பிக்கூட்டுக்குள் வைக்க வேணுமாம். உரிமையாளர் சம்மதக் கையெழுத்து ஒன்று, அவ்வளவுதான்.

தம்பியார்: ஓகோ! இதில் ஒப்பம் வைத்தால் கடை உம்முடைய பெயருக்கு மாறிவிடும். எனக்கு விளங்காதென்று நினைத்தீரோ?

கடைக்காரர்: மாறுவது குழாய் ஐயா.

தம்பியார்: முதலில் குழாய், பேந்து கடை. எங்கள் மாமாவின் கட்டடம் அப்படித்தான் வாடகைக்காரனோடு போனது.

கடைக்காரர்: குழாயாலா போனது?

தம்பியார்: வழக்கால் போனது. எதற்கும் அண்ணையைக் கேட்க வேணும்.

கடைக்காரர்: கேளுங்கோ.

தம்பியார்: இப்போது நித்திரை. இங்கே காலை பத்து, ரொறன்ரோவில் நடுச்சாமம் பன்னிரண்டரை.

கடைக்காரர்: நேற்று இரவு ஏழரைக்கு எடுத்தேன். அங்கே காலை பத்து.

தம்பியார்: அவருக்கு இரவு வேலை. பகலில் நித்திரை.

கடைக்காரர்: ஞாயிற்றுக்கிழமை?

தம்பியார்: அன்றைக்குத்தான் ஆறுதலாக நித்திரை கொள்வார்.

கடைக்காரர்: ஒன்றாம் திகதி விடியக்காலமை ஐந்து மணிக்கு ‘வாடகை போட்டாச்சா’ என்று வாட்ஸ்அப் வருகிறதே?

தம்பியார்: அது நித்திரையில் புலம்புவது.

(சாவி கஸ்தூரியார் வீதியில், கையெழுத்து ரொறன்ரோவில். இந்த ஊரில் கடை நடத்துகிறவர்களுக்கு இது புதினமில்லை.)

கடைக்காரர்: ஐயா, நான் படுகிற பாட்டைக் கேளுங்கோ. வியாபார உரிமம் டிசம்பர் 31 உடன் முடிந்தது. மாநகர சபையில் புதுப்பிக்கப் போனால் காஸ் குழாய் பரிசோதித்த துண்டு கேட்கிறார்கள். பரிசோதிக்க வரச் சொன்னால் ஏஜென்சிக்காரர் இந்த வருட உரிமத்தைக் காட்டச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் ஒரு விடயத்தில் மட்டும் ஒற்றுமை: உரிமையாளரின் கடிதம், கட்டடத்துக்குச் சபையில் கட்டுகிற சோலைவரியின் துண்டு, அனுமதி பெற்ற கட்டட வரைபடம்.

தம்பியார்: (குரலைத் தாழ்த்தி) வரைபடமும் கேட்கிறார்களோ?

கடைக்காரர்: ஓம்.

தம்பியார்: அதில் குசினி இல்லையே.

கடைக்காரர்: என்ன?

தம்பியார்: முன்பக்கம் மட்டும்தான் அனுமதி. பின்னால் தகரம் போட்டது அண்ணை லீவில் வந்து நின்றபோது செய்த வேலை. சபைக்குத் தெரிந்தால் சோலைவரியைக் கூட்டிவிடுவார்கள் தம்பி. அதனால்தான் கையெழுத்து வேண்டாமென்றார்.

கடைக்காரர்: எப்போது சொன்னார்?

தம்பியார்: நேற்று.

கடைக்காரர்: நித்திரையிலா?

(தம்பியார் உடனே தகரக் கூரையை ஆராயத் தொடங்கினார். அங்கே ஒரு பல்லியைத் தவிர வேறொன்றும் இல்லை.)

கடைக்காரர்: சரி ஐயா. குசினிக்கென்று மாதாமாதம் வாடகையைக் கூட்டி வாங்குகிறீர்கள். சபை கேட்டால் குசினியே இல்லை. இல்லாத குசினிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேணும்?

தம்பியார்: இளம் ஆட்களுக்குப் பொறுமை இல்லை. 1990களில் பொருளாதாரத் தடை போட்டபோது மண்ணெண்ணெய்கூட இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் கிடந்தோம். சமைக்காமலா இருந்தோம்?

கடைக்காரர்: தடை போட்டவர்கள் எங்களிடம் வாடகை வாங்கவில்லை ஐயா.

தம்பியார்: விறகில் சமையுமேன். ருசியும் கூட.

கடைக்காரர்: தகரக் கூரைக்குக் கீழே விறகு. அதற்குக் கையெழுத்து வேண்டாம், தீயணைப்புப் படை போதும். 2021 கடைசியில் ஊரூராக அடுப்பு வெடித்தபோது பேப்பர் பார்க்கவில்லையா? காஸ்காரன் கெடுபிடி பண்ணுகிறான் என்று எனக்குக் கோபமில்லை. குமிழை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குசினியில் நிற்கிறது என்னிடம் கொத்து ரொட்டி போடுகிற பெடியன், உங்கள் அண்ணை இல்லை.

தம்பியார்: ...சரி, சரி. அண்ணையிடம் ஒருமுறை கதைத்துப் பார்க்கிறேன். அது கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை அம்மாவின் திவசம். நூறு பேருக்கு மரக்கறிச் சாப்பாடு. உம்முடைய கடையில் எடுக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள்.

கடைக்காரர்: தாராளமாக எடுக்கலாம். எங்கே சமைக்கிறது?

தம்பியார்: ஏன், குசினியில்தான்.

கடைக்காரர்: எந்தக் குசினி ஐயா?