384 என்ற எண்ணைக் கண்டாலே எனக்கு ஐயம்

ஆய்வேட்டுக் காலம் வந்தால் முதுநிலை மருத்துவ மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி மாறுவதே இல்லை. "சார், எத்தனை நோயாளிகளை எடுத்தால் போதும்?" நான் வாய் திறப்பதற்குள் விடையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "சீனியர் 384 எடுத்தார்." இல்லையென்றால் 30. மருத்துவ ஆய்வில் இந்த இரண்டு எண்களும் சர்வரோக நிவாரணி ஆகிவிட்டன.

384 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. ஒரு நோய் மக்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு இருக்கிறது என்று மதிப்பிடும்போது, பாதிப் பேருக்கு இருக்கலாம் என வைத்துக்கொண்டு, 95 விழுக்காடு நம்பகத்தோடு 5 புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை என்று கணக்கிட்டால் அது வரும். நூற்றில் இருவருக்கே வரும் நோய்க்கும் அதே 5 புள்ளியை வைத்தால், 'மைனஸ் 3 முதல் 7 வரை' என்றல்லவா எழுத வேண்டியிருக்கும்! இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுக்கோ சூத்திரமே வேறு.

எத்தனை பேர் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இது: எவ்வளவு வேறுபாடு தெரிந்தால் நீங்கள் சிகிச்சையை மாற்றுவீர்கள்? பெரும்பாலும் மௌனம்தான் பதில். இதைப் புள்ளியியல்காரனான நான் சொல்ல முடியாது. நோயாளியைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் நூற்றில் 10 பேருக்குப் புண்ணில் தொற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய மருந்து அதை 5 ஆகக் குறைக்குமானால், அந்த வேறுபாட்டை ஐந்துக்கு நான்கு முறையாவது பிடிக்க ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 435 பேர் வேண்டும். 8 ஆகத்தான் குறைக்கும் என்றால் குழுவுக்கு 3,200க்கு மேல். இதைக் கேட்டதும் மாணவரின் முகம் வாடிவிடும். சரி, அவர் விருப்பப்படியே குழுவுக்கு 30 பேர் எடுக்கட்டும். பழைய மருந்தில் 3 பேருக்குத் தொற்று வருகிறது. புதிய மருந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அப்போதும் பி மதிப்பு, அதாவது மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தெரிவதற்கான வாய்ப்பு, 0.24 அளவில்தான் நிற்கும். வழக்கமாக அது 0.05க்குக் கீழே வந்தால்தான் வேறுபாட்டை ஏற்பார்கள். தொற்றையே ஒழிக்கும் மருந்து கையில் இருந்தாலும், "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதி இந்த ஆய்வேட்டைப் பைண்டிங்குக்கு அனுப்பிவிடுவோம்.

இது புதிய கதையும் இல்லை. 'பலன் இல்லை' என்று முடிந்த 71 ஆய்வுகளை 1978இல் சிலர் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 50 ஆய்வுகள், சிகிச்சையால் உண்மையிலேயே 50 விழுக்காடு முன்னேற்றம் இருந்திருந்தாலும் அதைத் தவறவிட்டிருக்கக்கூடிய அளவுக்குச் சிறியவை.

435 என்று கேட்டுவிட்டுப் போன மாணவர் இரண்டு நாளில் திரும்பி வருவார். "சார், தொற்று 40இலிருந்து 10 ஆகக் குறையும் என்று போட்டால் குழுவுக்கு 32 பேர்தான் வருகிறது." எதை வைத்து 40 என்கிறீர்கள்? சிரிப்பு. கையில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி நோயையே வெட்டித் தைக்கிறோம். இந்தக் கணக்கில் முத்திரை குத்தி ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் மீதுதான் எனக்கு அதிகக் கோபம். விடை தர முடியாத ஆய்வுக்காக ஒருவர் கையை நீட்டி இரத்தம் கொடுக்கிறார். ஒப்புதல் படிவத்தில் அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று என்னை மடக்கப் பார்த்தார். பழமொழியில் பிழை இல்லை. ஒரே தண்ணீரில் ஒன்றாக வெந்த அரிசிக்கு அது சரி. நோயாளிகள் அப்படி வெந்தவர்கள் இல்லையே.

சிறிய ஆய்வெல்லாம் குப்பை என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில் மொத்தம் 107 பேர்தான். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். பலன் அவ்வளவு பெரிதாக இருந்தால் நூறு பேரே போதும். ஆனால் சிறிய ஆய்வு பலனை மறைப்பதைப் போலவே இல்லாத பலனையும் காட்டிவிடும். மாரடைப்புக்கு நரம்பு வழியாக மெக்னீசியம் கொடுத்தால் இறப்பு பாதிக்குமேல் குறையும் என்று, சுமார் 1,300 பேர் அடங்கிய ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தோன்றியது. 1995இல் 58,050 பேரை வைத்து நடந்த ஐசிஸ்-4 என்ற மாரடைப்பு ஆய்வின் முடிவு வந்தது. இறப்பு மெக்னீசியம் பெற்றவர்களில் 7.64 விழுக்காடு, பெறாதவர்களில் 7.24.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. குறுகிய காலத்தில், தனி ஆளாக, பணிச்சுமைக்கு நடுவே ஆய்வு செய் என்றால் 30 பேர்தான் கிடைப்பார்கள். பத்து இடங்களில் பத்து மாணவர்கள் ஒரே ஆய்வுத் திட்டத்தோடு ஆளுக்கு 90 நோயாளிகளைச் சேர்த்தால் 900 பேர் ஆகிறதே, குழுவுக்கு 435 கிடைத்துவிடுமே என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். கணக்கைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்று மட்டும் கேட்டார்கள்.