ராக் பெட்டி வாங்குங்கள், பழைய சேர்வர் வாங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வீடியோ எடிட்டிங், ஒலிப்பதிவு, அல்பம் டிசைன் என்று செய்யும் பெடியளிடம் இப்போது ஒரு ஆசை பரவிக்கொண்டு வருகிறது. மேசைக்குக் கீழே கிடக்கும் கொம்பியூட்டரைத் தூக்கி ராக்கில், அதாவது கருவிகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகிப் பூட்டும் சட்டத்தில், ஏற்ற வேண்டும் என்ற ஆசை. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ராக் என்றதும் பலரும் நேரே போய்ப் பார்ப்பது கொழும்பில் கம்பனிகள் கழித்துவிட்ட பழைய சேர்வர்களைத்தான். இரண்டு ஸியோன் சிப் (இன்டெல்லின் சேர்வர் சிப்), 64 ஜிபி ரம், விலையோ ஒரு நடுத்தர போனின் விலை. "அண்ணை, சேர்வர் ஒண்டு மலிவா வருது, எடுக்கவோ?" என்று இன்பொக்ஸில் கேட்கிறார்கள். எடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாகச் சாதாரண கொம்பியூட்டர் சாமானை ராக்கில் ஏறும் வெற்றுப் பெட்டிக்குள் போடுங்கள். முதல் காரணம் வீடியோ.

இப்போது கலியாணவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் கொண்டுபோகிற சோனி ஏ7 ஃபோர், கனன் ஆர்6 போன்ற கமராக்கள் எச்.265 என்ற சுருக்கும் முறையில், 10 பிட், 4:2:2 நிறத்தில் (கூடுதல் நிற விவரத்தோடு) பதியக் கூடியவை. கோப்பு சிறிதாக இருக்கும், நிறம் நன்றாக வரும். ஆனால் அதை விரித்துக் காட்டுவது சிப்புக்குப் பெரிய வேலை. அந்த வேலைக்கென்றே ஒரு தனிப் பகுதி இன்டெல்லின் 12ஆம் தலைமுறை ஐ5 சிப்பில், அதோடு வரும் கிராபிக்ஸுக்குள் இருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் காட்களில் இந்த 4:2:2க்கு ஆதரவு வந்ததே 2025இல், 50 வரிசைக் காட்களோடுதான். 2012, 2013 காலத்து சேர்வர் ஸியோனில் கிராபிக்ஸே இல்லை. எத்தனை கோர் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து மூச்சு வாங்கும், டைம்லைன் திக்கித் திக்கி நகரும். 12ஆம் தலைமுறை ஐ5-12400 ஆறு கோர்தான். ஆனாலும் இந்த வேலையில் அது முன்னால் ஓடும். ஒன்று கவனிக்க வேண்டும். சிப்பின் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் வாங்காதீர்கள், அதில் கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் பாவிப்பவர்களுக்கு இந்த வசதி முழுதாகக் கிடைக்க ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். அது 295 டொலர், ஒருமுறைதான் கட்டுவது. அந்தக் காசு இல்லையென்றால் புரொக்சி (எடிட் பண்ணுவதற்கு மட்டும் செய்யும் இலேசான நகல் கோப்பு) செய்து வேலை பாருங்கள், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது சத்தம். 1யூ, அதாவது மிகத் தட்டையான ராக் சேர்வருக்குள் இருக்கும் ஃபான் 40 மில்லிமீற்றர். சின்ன ஃபான் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வெறிபிடித்தது போல் சுற்ற வேண்டும். சேர்வர் அறையில் மனிசர் இருப்பதில்லை, அதனால் செய்தவனுக்குக் கவலை இல்லை. எங்கள் ஆட்களின் ஸ்டூடியோ என்பது பெரும்பாலும் வீட்டின் ஒரு அறை. மைக்கும் அதற்குள்தான். கிணற்றடி மோட்டருக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுப் பதிந்த மாதிரி இருக்கும். கரண்டும் அப்படித்தான். அந்தக் காலத்து ஸியோன் ஒன்றே முழு வேலையில் 115 வாட் எடுக்கக் கூடியது, அதில் இரண்டு. 12400இன் அடிப்படை அளவு 65, உச்சத்தில் 117. போதாக்குறைக்கு, அந்தச் சிப்களை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்தும் போச்சு.

"சரி, ரம்மையாவது கழற்றிப் பாவிக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். முடியாது. அது ரெஜிஸ்டர்ட் ரம், சேர்வருக்கென்றே செய்த வகை, சாதாரண மதர்போர்ட்டில் வேலை செய்யாது. கேள்வி நியாயமானதுதான், 2025 கடைசியில் இருந்து ரம் விலை ஏறிய ஏற்றம் அப்படி. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன, சில்லறைக்கு வாங்கும் எங்களுக்கு மிச்சம்தான். அதனால் உங்கள் பழைய மெசினில் டிடிஆர்4 ரம் இருந்தால் அதை விற்காதீர்கள். 12ஆம் தலைமுறைச் சிப்புக்கு டிடிஆர்4 போர்ட்டும் இருக்கிறது, டிடிஆர்5 போர்ட்டும் இருக்கிறது. முதலாவதை எடுத்தால் ரம் செலவு மிச்சம்.

அப்புறம் பெட்டி. என் தீர்ப்பு 4யூ. ஒரு யூ என்பது 44.45 மில்லிமீற்றர், நாலு யூ கிட்டத்தட்ட 178. அதற்குள் சாதாரண மதர்போர்ட், சாதாரண பவர் சப்ளை, சாதாரண கிராபிக்ஸ் காட், 120 மில்லிமீற்றர் ஃபான் எல்லாம் போகும். சேர்வர் சாமான் ஒன்றும் தேவையில்லை. இடிக்கும் இடம் இரண்டு. 158, 160 மில்லிமீற்றர் உயரமான சிப் கூலர்கள் பல பெட்டிகளில் மூடியைத் தொட்டுவிடும், 125 அளவில் உள்ளதைத் தேடுங்கள். கிராபிக்ஸ் காட்டின் பவர் வயர் மேல் விளிம்பில் வருவதால் அதற்கும் இடம் விட வேண்டும். பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, இரண்டு ஃபான் காட் ஒன்று கிடைத்தால் குறைந்த பட்ஜெட்டுக்கு அது போதும். மூன்று ஃபான் காட் அழகுக்குத்தான்.

ராக்குக்குப் பெரிய காசு கொடுக்கத் தேவையில்லை. 19 அங்குல ராக் தொலைபேசி நிலையங்களுக்கென்று வந்தது, இன்றைக்கும் அதே அகலம்தான். கோயில் திருவிழாவுக்கு வரும் சவுண்ட் சேர்விஸ்காரரின் அம்ப்ளிஃபயர் பெட்டியும் அதே 19 அங்குலம். அவர்கள் கழிக்கும் பெட்டி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். வெல்டிங் கடையில் அடிக்கவும் கொடுக்கலாம். ஆனால் முன்பக்க ஓட்டைகள் சமதூரத்தில் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுங்கள். 5/8 அங்குலம், 5/8 அங்குலம், 1/2 அங்குலம் என்று மாறி மாறி வரும். இடம்வலம் ஓட்டைக்கு ஓட்டை 465 மில்லிமீற்றர். இதைத் தாளில் கீறிக் கொடுக்காவிட்டால் அவர் தன் கண் அளவில் துளைத்துவிடுவார், பிறகு ஒன்றும் பொருந்தாது. பெட்டியை முன் காதுகளில் (ராக்கில் திருகும் பக்கத் தகடுகளில்) மட்டும் தொங்கவிடாமல் கீழே ஒரு தட்டு கொடுக்கச் சொல்லுங்கள், பாரம் அதிகம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய இரண்டு விஷயம். சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் வீட்டுக்குள் வராமல் இருக்காது. முன் ஃபானுக்கு வலை கட்டாயம், அதைக் கழற்றிக் கழுவக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட சிசிடிவி ராக் பார்க்க வடிவு, சித்திரை வைகாசியில் உள்ளே அடுப்புத்தான். கதவைக் கழற்றி வையுங்கள்.

மற்றது கரண்ட். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய காலம் போய்விட்டது, ஆனால் ஒரு வினாடி போய் வருவது இன்னும் இருக்கிறது, ரெண்டரிங்குக்கு அந்த ஒரு வினாடி போதும். 650 விஏ என்று எழுதிய மலிவு யூபிஎஸ் பெரும்பாலும் 360, 390 வாட்தான் தாங்கும். மொனிட்டரும் டிஸ்க்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். யூபிஎஸ் என்பது சேவ் பண்ணி நிறுத்துவதற்கு, கரண்ட் வரும்வரை எடிட் பண்ணுவதற்கு இல்லை.

பெட்டியின் வடிவுக்குக் கொடுக்கும் காசை டிஸ்க்குக்குக் கொடுங்கள் என்று இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 100 மெகாபிட்) பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. மூன்று கமரா, நாலு மணித்தியாலம் என்றால் ஒரு கலியாணவீட்டுக்கே 540 ஜிபி. கனடாவில் இருக்கும் மாமா இரண்டு வருடம் கழித்து "அந்தத் தாலி கட்டுற இடம் மட்டும் திரும்ப அனுப்பு தம்பி" என்று கேட்பார். வேலைக்கு ஒரு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), சேமிப்புக்கு ஒரே கோப்புகளை வைத்த இரண்டு ஹார்ட் டிஸ்க். அதில் ஒன்று பெட்டிக்குள் இருக்கக் கூடாது, வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

சாமானை கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கி இரவு பஸ்ஸில் ஏற்றுவது மலிவுதான். ஆனால் மதர்போர்ட்டையும் பவர் சப்ளையையும் யாழ்ப்பாணத்துக் கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்குங்கள். வாரண்டி என்று வந்தால் கொழும்புக்கு அனுப்பி, பதில் வராமல், போன் எடுத்து எடுத்துக் களைத்துப்போவீர்கள். கலியாண சீசனில் மெசின் இல்லாமல் இருந்தால் அந்த மிச்சம் பிடித்த காசு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அல்பம் டிசைன் மட்டும் செய்பவர்களுக்கு ராக் தேவையே இல்லை. சாதாரணப் பெட்டியில் அதே சாமானைப் போடுங்கள். ராக் உதவுவது, மிக்சர், ஓடியோ இன்டர்ஃபேஸ், யூபிஎஸ் எல்லாம் ஏற்கனவே வைத்திருந்து, அவற்றை ஒன்றாகக் கட்டி மைக் இல்லாத அறைக்குத் தள்ள நினைப்பவர்களுக்குத்தான்.

ஆழம் 45 சென்ரிமீற்றருக்குள் வரும் 4யூ பெட்டி உள்ளூரில் யாரிடமாவது இருந்தால் விலையோடு கீழே கொமென்ட்டில் போடுங்கள். சுவரில் மாட்டும் ராக் வைத்திருக்கும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கடைகளில் காட்டுவதெல்லாம் 65 சென்ரிமீற்றராக இருக்கிறது.