கோசாயிகுண்டாவுக்கு ஒரே இரவு போதாது

நேபாளத்து மலைகளில் இருக்கும் கோசாயிகுண்டா ஏரிக்கு நடந்து ஏறுவது பற்றி, "ஃபிட்டா இருந்தா துஞ்சேயில கிளம்பி மறுநாளே கோசாயிகுண்டா ஏரிக்கரையில டென்ட் போடலாம், தண்ணி நிறைய குடிச்சா மலைநோய் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

மலைநோய் என்பது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது; கால் வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளம்பும் ஊரான துஞ்சே சுமார் 2,000 மீட்டர் உயரம், ஏரி 4,380. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதம் போலத்தான். 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. வழியில் சந்தன்பாரி, லௌரிபினா என்று தங்கித் தங்கித்தான் ஏற வேண்டும். ஜனை பூர்ணிமா திருவிழாவுக்கு அவசரமாக ஏறும் பக்தர்கள் அங்கே நோயில் விழுவதை நேபாள மருத்துவர்கள் பதிவே செய்திருக்கிறார்கள். தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும், மலைநோயைத் தடுக்காது.

என்னோடு வந்த தம்பி மாரத்தான் ஓடுகிறவன். லௌரிபினாவில் சாயங்காலம் ஷூ லேஸ் கட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. மலைநோய் மூளையைத் தாக்குகிறதா என்று பார்க்க, குதிகாலை ஒட்டி அடுத்த காலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே சாய்ந்துவிட்டான். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை, டார்ச் வெளிச்சத்திலேயே கைத்தாங்கலாக இறக்கினோம். மறுநாள் மதியம் சந்தன்பாரியில் அவனே லேஸைக் கட்டிக்கொண்டான்.