குட்டியிலிருந்து வளர்த்தாலும் அது கழுதைப்புலிதான்

குட்டியிலிருந்தே பால் கொடுத்து வளர்த்தால் கழுதைப்புலியும் நாய் மாதிரி வீட்டோடு இருந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பழகும், அதை மறுக்கவில்லை. எத்தியோப்பியாவின் ஹரார் நகரில் ராத்திரியில் அவை வந்து மனிதர் கையிலிருந்தே இறைச்சி வாங்கித் தின்கின்றன, ஆனால் தின்றுவிட்டுத் தன் வழியே போய்விடும், யாரும் கூட்டிவந்து சோபாவில் படுக்க வைப்பதில்லை. நைஜீரியாவில் சங்கிலி கட்டி வித்தை காட்டுபவர்களின் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசை வருகிறது போல. நன்றாகப் பழகிவிட்டது என்றால் அவ்வளவு பெரிய வாய்ப்பூட்டு எதற்காம்?

பார்க்க நாய் போல இருந்தாலும் கீரிக்கும் பூனைக்கும்தான் அது நெருங்கிய சொந்தம். நாயை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கினான், இதற்கு அந்தக் கதையே கிடையாது. புள்ளிக் கழுதைப்புலி 50 கிலோவுக்கு மேல் வளரும், பெரிய எலும்பையே நொறுக்கும் தாடை, அப்புறம் வாலுக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து நாற்றமடிக்கும் பசையைக் கண்ட இடத்தில் பூசி எல்லை போடும். நாலறை வீட்டில் இதை நினைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சும்மா இருப்பாரா?

சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. முள்ளெலி வளர்க்கக்கூட இங்கே தடை. சிலருக்கு இது கெடுபிடி, எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கடையில் சட்டப்படி விற்கும் சிவப்புக்காது ஆமையையே பெரிதானதும் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.