நொண்டி ஆடும் ஓட்டக்காரன்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவை ரேஸ்கோர்ஸில் மூன்று சுற்று முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தார். ஐ.டி. வேலை, வயது இருபத்தாறோ ஏழோ. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் ஓரமாக வலி. "அண்ணா, இதோட ஓடலாமுங்களா?" என்றார்.

எவ்வளவு ஓடுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் வாரம் 20 கிலோமீட்டராம், இப்போது 50. சரி, ஓட்டத்தைத் தவிர வேறு என்ன செய்வீர்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஓடறது மட்டும்தானுங்கண்ணா. அதுக்கே நேரம் பத்த மாட்டேங்குது."

இதே பதிலை நானும் ஐந்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதனால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஒரு கதை. ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதை எங்களைப் போன்ற ரேஸ்கோர்ஸ் வைத்தியர்கள் தொடக்கூடாது. இவருக்குப் பரவலான வலிதான், இருந்தும் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால்தான், ஓட்டக்காரர்கள் ஓட்டத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய மற்ற பயிற்சிகளைப் பற்றி, அதாவது கிராஸ் டிரெய்னிங் பற்றி, இந்த நீளப் பதிவு.

ஓட ஆரம்பித்தால் நெஞ்சும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. ஆறேழு வாரத்தில் மூச்சிரைப்பு அடங்கி, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகலாமே" என்று தோன்ற ஆரம்பிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் அந்த வேகத்தில் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். காரில் என்ஜினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சஸ்பென்ஷனோடு அவிநாசி சாலையில் பறக்கிற மாதிரிதான் நம்மில் பாதிப் பேர் முதல் ஹாஃப் மாரத்தானுக்குப் போகிறோம்.

ஒரு மணி நேர ஓட்டத்தில் சுமார் பத்தாயிரம் அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் தரையிலிருந்து உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை காலில் ஏறும். கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் என்ற தசை மட்டும் அதைவிடவும் அதிகப் பளுவைத் தாங்குகிறது. இத்தனையும் ஒரே திசையில், ஒரே அசைவில். பக்கவாட்டு அசைவே கிடையாது. கபடி ஆடுகிறவனிடமும் சிலம்பம் சுற்றுகிறவனிடமும் இருக்கும் இடுப்புப் பக்கத் தசை வலு நமக்கு இருக்காது. ஓடும்போது உங்களைப் பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, முழங்கால் உள்ளே விழுவது தெரியும். நான் என்னுடையதைப் பார்த்துவிட்டு, சந்தையில் மூட்டை சுமந்து வருகிறவர் யாரோ என்று நினைத்தேன்.

என் கதை இடது குதிகால். கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கிற அகில்லிஸ் தசைநாண். காலையில் எழுந்து முதல் பத்தடி வைக்கும்போது உயிர் போகும், நடக்க நடக்கச் சரியாகிவிடும், அதனால் ஓடிவிடுவேன். இப்படியே ஏழு மாதம். தைலம், ஐஸ், ஓய்வு, புது ஷூ, மறுபடியும் தைலம். ஓய்வு எடுத்தால் போய்விடும், ஓடினால் வந்துவிடும். கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க சார், எத்தனை முடியுதுன்னு பாப்போம்" என்றார். வலது காலில் பதினேழு வந்தது, இடதில் ஒன்பது. இருபத்தைந்து வர வேண்டுமாம். இரண்டேகால் மணி நேரத்தில் 21 கிலோமீட்டர் ஓடுகிறவன், பத்துத் தடவை குதிகாலைத் தூக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தக் குதிகால் பயிற்சிக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஸ்வீடனில் ஒரு எலும்பு மருத்துவர். ஓடுகிறவர், அவருக்கே அகில்லிஸ் வலி. அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்கள். சரி, அறுந்துபோனால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வேண்டுமென்றே அந்தக் காலில் பளுவை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்தார். அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது! அதையே ஒழுங்குபடுத்தி 1998இல் ஆய்வாக வெளியிட்டார். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது, முழங்காலை நீட்டியும் மடக்கியும், நாளுக்கு 180 தடவை, 12 வாரம். இன்று வெவ்வேறு முறைகள் வந்துவிட்டன. எண்ணிக்கையைக் குறைத்துப் பளுவைக் கூட்டச் சொல்கிறார்கள். ஆனால் ஓய்வை விடப் பளுதான் மருந்து என்ற விஷயம் மாறவில்லை.

ஆகவே கிராஸ் டிரெய்னிங் என்று யாராவது கேட்டால், முதலில் தசை வலு, இரண்டாவதும் தசை வலு, மிச்சமெல்லாம் அப்புறம் என்பதுதான் என் பதில். சைக்கிள் வாங்கலாமா, நீச்சல் போகலாமா என்று கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. கடையில் வாங்க ஒன்றும் இல்லையே!

என் உபகரணம் 26 கிலோ அரிசி மூட்டை. (2022இல் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜி.எஸ்.டி. போட்டதும் ஒரு கிலோ கூட்டி 26 ஆக்கினார்களே, அதே பைதான். வரி மிச்சமானதோ இல்லையோ, எனக்கு ஒரு கிலோ பளு கூடியது.) அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, குனிந்து தரையிலிருந்து தூக்குவது, படியில் ஒற்றைக் காலில் ஏறி மெதுவாக இறங்குவது. அப்புறம் குதிகால். பக்கவாட்டில் படுத்து இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம், வாரம் இரண்டு நாள். மூட்டை வேண்டாம் என்றால் பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தில் ஆரம்பிக்கலாம், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. பளு கூடக் கூடத்தான் தசைநாண் கேட்கும். நூறு தோப்புக்கரணம் போட்டால் நூறு தோப்புக்கரணம் போடப் பழகுவோம், அவ்வளவுதான்.

தலைப்பில் சொன்ன நொண்டிக்கு வருகிறேன். சைக்கிளும் நீச்சலும் நெஞ்சுக்கு நல்லது, எலும்புக்கு ஏறக்குறைய ஒன்றும் தராது. சாலை சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எலும்புக்குக் குலுக்கல் வேண்டும், அதுவும் கொஞ்சமாக, பல திசைகளில். ஸ்கிப்பிங் கயிறு நல்லது. என் மகள் மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடும் பாண்டி அதைவிட நல்லது என்பேன். ஒற்றைக் காலில் முன்னே, பக்கத்தில், திரும்பி, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு மறுபடி. காசு கொடுத்துப் போகிற இடத்தில் இதற்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயர். நாற்பத்தாறு வயதில் நான் நொண்டியடிப்பதை எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, கால் சரியாகலீங்களா?" என்று விசாரித்தார். நம் முன்னோர்கள் எல்லாம் தெரிந்துதான் பாண்டி ஆடினார்கள் என்று இதை வாட்ஸப்பில் சுற்றவிட வேண்டாம். அவர்கள் விளையாட்டுக்குத்தான் ஆடினார்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்ட காலத்தில் என்னைக் காப்பாற்றியது அதுதான். இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, நீச்சல் குளத்தில் கால் தரையில் படாத ஆழத்தில், தண்ணீருக்குள்ளேயே ஓடுவது. நிமிர்ந்த முதுகு, கையசைவு எல்லாம் தரையில் ஓடுகிற மாதிரியே. முதல் நாள் காவலாளி ஓடி வந்து கழியை நீட்டினார், நான் மூழ்குகிறேன் என்று. இதில் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் இதயத் துடிப்பு தரையில் ஓடும்போது இருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து குறைவாகவே காட்டும், வாட்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொன்று, சும்மா மிதந்தால் ஐந்தே நிமிடத்தில் அலுத்துவிடும். இரண்டு நிமிடம் வெறியோடு, ஒரு நிமிடம் மெதுவாக என்று பத்து தடவை செய்தால் பொழுதும் போகும், பயனும் இருக்கும்.

காயத்தோடு பயிற்சி என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட். 1984இல் அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தகுதி ஓட்டத்துக்குப் பதினேழே நாள் இருக்கும்போது முழங்காலில் அறுவை சிகிச்சை. காலை அசைக்க முடியாத நாட்களில் உடற்பயிற்சி சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினார். தகுதி ஓட்டத்தில் ஜெயித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம். பி.டி. உஷா நூற்றில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டாரே, அதே ஒலிம்பிக்தான்.

இந்தக் காலத்துக்கு உதாரணம் அமெரிக்க ஓட்ட வீராங்கனை பார்க்கர் வால்பி. 2023இல் அமெரிக்கக் கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடுபள்ளம் வழியே ஓடும் போட்டி) சாம்பியன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் பதினோராவது இடம். கல்லூரி நாட்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் ஓடுவார், மீதி நாளெல்லாம் நீச்சல் குளமும், குலுக்கல் இல்லாமல் காலை இயக்கும் ஆர்க் டிரெய்னர் என்ற ஜிம் மிஷினும். எங்கள் குழுவில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு "அப்ப நானும் மூணு நாள்தான்" என்று குஷியானார். அந்த மிஷினில் அவர் வேர்த்து ஊற்ற ஊற்ற செய்த உழைப்பு இவர் காதில் விழவில்லை.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக. புதன்கிழமைகளில் சிறுவாணி சாலையில் ஒன்றரை மணி நேரம் போகிறேன். மலை பார்க்கலாம், வழியில் டீ குடிக்கலாம். லட்ச ரூபாய் சைக்கிள் தேவையே இல்லை, இருக்கை உயரம் சரியாக இருந்தால் போதும். அதே உழைப்புக்கு ஓட்டத்தைவிடத் துடிப்பு ஐந்து முதல் பத்து குறைவாக இருக்கும், அதுவும் சரிதான்.

யோகா? சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். மூச்சுக்கும் மனதுக்கும் நல்லது, நானும் செய்கிறேன். ஆனால் வாரம் 50 கிலோமீட்டர் ஓடும் கெண்டைக்காலுக்கு சூரிய நமஸ்காரத்தில் கிடைக்கும் பளு போதாது. ஓடுவதற்கு முன் காலை நீட்டி இழுத்துப் பிடித்தால் அடிபடாது என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை.

நான் செய்த பெரிய தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். பிசியோ சொன்னதை எல்லாம் ஓட்டத்துக்கு மேலே ஏற்றினேன். ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் மூட்டை, ஒரு நாள் சைக்கிள். வாரத்துக்கு ஏழு நாள்தான் என்பது மறந்துபோய், ஒரே மாதத்தில் காய்ச்சல்காரன் மாதிரி ஆனேன். இப்போது ஓட்டம் நான்கு நாள்தான். வேக ஓட்டம் ஓடிய அதே நாள் சாயங்காலம் மூட்டை தூக்குகிறேன், அப்போதுதான் மறுநாள் நிஜமாகவே லேசான நாளாக இருக்கும்.

எல்லாம் தெரிந்தும் நாம் ஏன் செய்வதில்லை? நேரம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. ஓட்டத்தைப் பதிவு செய்து நண்பர்களோடு பகிரும் ஸ்ட்ராவா செயலியில் எதைப் பார்த்துக் கைதட்டுகிறோம்? கிலோமீட்டரை. மாதம் 200 ஓடியவருக்குக் குழுவில் வாழ்த்து மழை. மாடியில் நொண்டியடித்ததற்கும், அரிசி மூட்டையைத் தூக்கியதற்கும் மெடல் உண்டா, டி-ஷர்ட் உண்டா? கூட்டமாக ஓடுவோம், தனியாகக் குதிகால் தூக்க வேண்டும். அங்கேதான் சறுக்குகிறோம்.

நேற்று அந்தத் தம்பி வந்திருந்தார். எலும்பில் விரிசல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு மாதம் ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை வலுவாக்கச் சொல்லியிருக்கிறார். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தோம். வலது பதினொன்று, இடது ஏழு. போட்டிக்கு நானும் செய்தேன், இடதில் இருபத்து மூன்று வந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தவர் கேட்டார்: "அண்ணா, இதை ஸ்ட்ராவால எப்படிங்க ஏத்தறது?"