புற்றுநோய் முழுக்கப் பரம்பரை அல்ல

"மாரடைப்பு நாமே வரவழைப்பது, புற்றுநோய் பரம்பரையில் வருவது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, நம்பிப் படிப்பவர்களுக்கு ஆபத்தும்கூட. பெற்றோர் வழி மரபணுக் கோளாறால் வரும் புற்றுநோய்கள் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான்.

சிகரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புகை இரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கி, கொழுப்பு படிய வழிசெய்கிறது. அதே புகையின் நச்சுகள் இரத்தத்தில் கலந்து சிறுநீரோடு வெளியேறும்போது, சிறுநீர்ப்பைச் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் புகை முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உடல் பருமனும் மதுவும் அப்படித்தான், இரு நோய்க்கும் வழிவிடுபவை. (கொலஸ்ட்ரால் மட்டும் பெரும்பாலும் இதயம் சார்ந்தது.)

புகைப்பதை நிறுத்தினால், அதனால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகிறது; நுரையீரல் புற்றுநோய் அபாயம் பாதியாகச் சுமார் 10 ஆண்டுகள் பிடிக்கும். தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்துங்கள்.